பவுனு கூவுன வீடு

கால கொஞ்சம் அங்கிட்டு நகட்டிக்க தாயி. பைக்குள்ள ஆளு இருக்கு. பயந்துக்கிறாத, கோழிதான். கொத்தாது. மூக்க நீட்டி ஒன்னைய ஒரு பார்வை பாக்கும், அம்புட்டுத்தான். கண்டக்டர் வந்தா மட்டும் காட்டிக்குடுத்துராத. தேங்கான்னு சொல்லி வச்சிருக்கேன். துண்டு அசையுதேன்னு அந்த ஆளு ஒரு மாதிரியாப் பாத்தாரு. இந்தப் பஸ்சுல உக்காந்தா நானே இந்த ஆட்டம் ஆடுறேன், தேங்கா ஆடாதான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.

நீ எதுவரைக்கும் போற? மலைக்கோயிலுக்கா? நானும் அங்கதான். மாசாமாசம் கார்த்திகைக்குப் போவியா? குடுத்து வச்சவ. எனக்கு எங்க அதுக்கெல்லாம் நேரம். இந்தக் கோழிக்காகத்தான் இன்னைக்கே கெளம்புனேன்.

இதுக்குப் பேரு பவுனு. கோழிக்குப் பேரு வைக்கிறாளேன்னு பாக்குறியா? எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் பாத்தாரு. பேரு வச்சா கொழம்பு வைக்க முடியாதுடின்னாரு. அவரு இத்தன வருசத்துல சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம். பேரு வச்சதுலருந்து எங்க வீட்டுல கறின்னா கடையிலதான் வாங்குறோம். கொல்லையில ஒரு கூட்டம் மேயுது, நாங்க கடையில வரிசையில நிக்கிறோம். தெருவே சிரிக்குது. சிரிச்சா சிரிக்கட்டும்.

எங்க வீடு பருப்பு மில்லுக்குப் பின்னாடி. அவரு அங்க மேஸ்திரி. அதனால பருப்புக் குருணைக்குப் பஞ்சமில்ல. கொல்லையில ஒரு முருங்க, ஒரு துவைக்கிற கல்லு, மிச்சமெல்லாம் நம்ம ஆளுகதான். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது தாயி. கோழிக்கு என்ன குணம்னு நெனைப்பாக. உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.

டீச்சர்னு ஒண்ணு இருக்கு, வெள்ளை. காலையில கூட்டைத் தெறந்தா மொத ஆளா எறங்கி வாசல்லயே நின்னுக்கிரும். ஒவ்வொண்ணும் வெளிய வர்றப்ப தலையில ஒரு கொட்டு. ஒண்ண முட்டித் தள்ளிட்டு இன்னொண்ணு வந்தா ரெண்டு கொட்டு. அவசரக்குடுக்கைன்னு ஒண்ணு. முட்டை போட்டுட்டுத்தான கோழி கொக்கரிக்கும்? இது முன்னாடியே கொக்கரிச்சு ஊரக் கூட்டிட்டு, பெறகு போயி நிதானமா உக்காரும். சில நாளு போடவே போடாது, கொக்கரிச்சதோட சரி. எங்க நாத்தனா ஒருத்தி இப்படித்தான்.

கருப்புல ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேரு சம்பந்தியம்மா. முன்னாடி வேற பேரு இருந்துச்சு, மக கல்யாணத்துக்குப் பெறகு நானா மாத்துனேன். வெளிய சொல்லிராத. தான் தின்னு முடிக்கிற வரைக்கும் ஒண்ணையும் கிட்ட விடாது. வயிறு முட்டுனாலும் தட்டு மேல ஏறி நின்னுக்கிரும், அடுத்தது தின்னுறக் கூடாதாம். ஒரு எளம்பெட்டைய கொத்திக் கொத்திப் பெடரியில ஒரு மசுரு இல்லாமப் பண்ணிருச்சு. நான் அன்னைக்குச் சாயங்காலமே கண்டுபிடிச்சிட்டேன். அந்தச் சின்னது மூலையில போயிச் சுவரப் பாத்து நின்னுச்சு. கோழி சுவரப் பாத்து நின்னா, அதுமேல யாரோ கை வைக்கிறாகன்னு அர்த்தம். எனக்கு வந்துச்சு பாரு கோவம். சம்பந்தியம்மா காலப் புடிச்சுத் தூக்கி, பஞ்சாரத்தக் கவுத்து உள்ள போட்டு மேல அம்மிக்கல்ல வச்சுட்டேன். மத்ததெல்லாம் வெளிய மேயுறத அது உள்ள இருந்து பாக்கணும். வெளிய விட்டப்ப ஆளே மாறிருச்சு. எளியதை வலியது அடிக்கிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது தாயி. எனக்கு அப்படி ஒரு சுபாவம்.

பவுனு கதை வேற. அடை வச்சதுல எல்லாம் பொரிஞ்சு எறங்கிப் போச்சு, ஒரு முட்டை மட்டும் அப்படியே கெடந்துச்சு. நாளு தாண்டிருச்சு, கூமுட்டை, தூக்கிப் போடுன்னாரு இவரு. எனக்கு மனசு வரல. வெதுவெதுன்னு தண்ணி வச்சு அதுல விட்டுப் பாத்தேன். உள்ள உசுரு இருந்தா முட்டை லேசா ஆடும். ஆடுச்சு. பழைய சேலத் துணியில சுத்தி அடுப்புக்குப் பக்கத்துல தவிட்டுக்குள்ள பொதச்சு வச்சேன். மறுநா உள்ளருந்து கீச்சுங்குது, ஓட்ட ஒடைக்கத் தெம்பில்ல. அதுவா வரணும், நாம கை வச்சாச் செத்துரும்பாக. நான் கேப்பனா. ஊசி மொனையால கொஞ்சங் கொஞ்சமா உரிச்சு எடுத்தேன். தாய்க்கோழி சேத்துக்கிறல, கொத்தி வெரட்டிருச்சு. அப்ப யாரு வளக்குறது? ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் தோசை ஊத்துனேன், துணி துவைச்சேன். ஆளு வந்தா நெஞ்சுக்குள்ளருந்து கீச்சுகீச்சுங்கும்.

அதனால இது தன்னைய கோழின்னே நெனைக்கிறதில்ல. கூட்டுல அடையாது. நான் சீரியல் பாத்தா பக்கத்துல உக்காந்து பாக்கும், விளம்பரம் போட்டா எந்திரிச்சுப் போயித் தண்ணி குடிச்சிட்டு வரும். நான் காய் நறுக்குனா வந்து நிக்கும். கத்திரிக்கா காம்பு வேணாம், தக்காளி விதை வேணும். இவரு செருப்புச் சத்தம் கேட்டா மட்டும் கட்டிலுக்கு அடியில போயிரும். அவரு ஒண்ணும் அடிக்கிறவரு இல்ல. சத்தமாப் பேசுவாரு, அம்புட்டுத்தான். நான் பழகிட்டேன், இது பழகல.

இந்தா, போனு அடிக்குது. மகதான். பேரு பாண்டிமீனா. இருக்கட்டும், அடிச்சு ஓயட்டும். எடுத்தா ஒரே பாட்டுத்தான், எப்பம்மா வருவ, எப்பம்மா வருவன்னு. பஸ்சுக்குள்ள வச்சு அழுவாளோ என்னமோன்னு எனக்குப் பதறும். கோயிலுக்குப் போயிட்டு நிதானமாப் பேசிக்கிறேன்.

அவளுக்கு இந்தத் தையிலதான் கல்யாணம். நல்ல எடம். இந்தா, இந்தப் பஸ்சு போற வழியிலயே ஆவாரங்குளம் விலக்கு வருமுல்ல, அங்கதான். சொந்த வீடு, மாப்பிள்ளைக்கு சிமிண்டுக் கடை. ஆடிக்குக் கூட்டிட்டு வந்தோம். மொத ஆடிக்குப் பொண்ணு பொறந்த வீட்டுல இருக்கணும்ல, எல்லா எடத்துலயும் உள்ளதுதான். வந்தவளப் பாத்து எனக்குச் சப்புன்னு போச்சு. இடுப்புக்குக் கீழ தொங்குன முடி, பாதிகூட இல்ல. அங்க போர்த் தண்ணி, உப்பு. உப்புத் தண்ணிக்கு முடி கொட்டத்தான செய்யும். மொழங்கைக்கு மேல கன்னிப் போயிக் கெடந்துச்சு. என்னடின்னேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னா. டைல்ஸ் போட்ட பாத்ரூம். எங்க வீட்டுல வெறும் சிமிண்டுத் தரை, நாங்கள்லாம் எங்க விழுந்தோம்? வசதி வந்தா கூடவே வழுக்கலும் வரும்.

பேச்சே இல்ல அவகிட்ட. வாயாடிப் பிள்ள, ஒரு காலத்துல வாய மூடச் சொல்லி நானே அடிச்சிருக்கேன். இப்ப கொல்லையில போயித் துவைக்கிற கல்லுல உக்காந்துக்கிட்டு காம்பவுண்டுச் சுவரையே பாத்துக்கிட்டு இருந்தா. பொழுதன்னைக்கும். அந்தச் சுவருல என்னதான் இருக்கோ. இந்தப் பவுனு போயி அவ மடியில ஏறி உக்காந்துக்கிரும். வேற யார் மடியிலயும் ஏறாது, என்னையத் தவுத்து. ரெண்டும் அப்படியே உக்காந்திருக்கும்.

அந்த நேரத்துலதான் எங்க சேவல நாய் புடிச்சிட்டுப் போயிருச்சு. மைனருன்னு பேரு. கொண்டை ஒரு பக்கம் சாஞ்சு பாக்க லெச்சணமா இருப்பான். வேலை ஒண்ணும் செய்ய மாட்டான், கூவுறது மட்டும் நேரந்தவறாமக் கூவுவான். அவன் போன பெறகு கொல்லை வெறிச்சுன்னு போச்சு. ஒரு நாளு காலையில நான் பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கேன், பின்னாடி கூவுற சத்தம். மைனருதான் தப்பிச்சு வந்துட்டான்னு ஓடுனேன். பாத்தா இது. கல்லு மேல ஏறி, ரெக்கைய அடிச்சு, கழுத்த நீட்டி, ஒரு கூவு. முழுசாக் கூட வரல, கடைசியில தொண்டை கட்டுன மாதிரி இழுத்துச்சு. பக்கத்துல மக நிக்கிறா. சிரிக்கிறா தாயி. வந்ததுலருந்து அன்னைக்குத்தான் அவ பல்லத் தெரியப் பாத்தேன். சிரிச்சுச் சிரிச்சு கண்ணுல தண்ணி வந்திருச்சு அவளுக்கு. எனக்கும் சிரிப்புத் தாங்கல.

சிரிச்சதோட போச்சா? எதுத்த வீட்டுக்காரி காது நீளம். வந்துட்டா. பொட்டக்கோழி கூவுச்சாமே, அய்யய்யோ, அது வீட்டு ஆம்பளைக்கு ஆகாதே, கூவுன அன்னைக்கே கழுத்தத் திருகிறணுமேன்னு ஒப்பாரி. ஒனக்குத் தெரியும்ல, எங்க பக்கம் அப்படித்தான். கூவுன பொட்டைய வீட்டுல வைக்க மாட்டாக. எங்க வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே சீனி வியாதி இருக்கு, போதாததுக்கு இவ வேற கெளப்பிவிட்டுட்டா. அன்னைக்குச் சாயங்காலம் அவருக்கு நெஞ்சு பாரமா இருந்துச்சாம். மத்தியானம் தின்ன கருவாட்டுக்கு நெஞ்சு பாரமா இருக்காதா? கோழி மேல பழி. நான் அன்னையிலருந்து விடியுமுன்ன எந்திரிச்சு இதை மடியில வச்சுக் கழுத்தத் தடவிக்கிட்டே இருப்பேன். தடவுனாக் கூவாது. கண்ணு சொருகிரும். நான் அடுப்படிக்குப் போனா மக வச்சுக்கிருவா.

ஆடி முடிஞ்சுச்சு. மக கெளம்பல. ஆவணி பொறந்துச்சு, கெளம்பல. உடம்பு சரியில்லம்மாங்குறா, பஸ்சுல கூட்டமா இருக்கும்மாங்குறா. இவரு என்னையப் பாக்குறாரு, நான் அவளப் பாக்குறேன். ஒரு நாளு பக்கத்துல உக்கார வச்சு எடுத்துச் சொன்னேன். அடுப்படியில நாலு ஏனம் இருந்தா சத்தம் வரத்தான் செய்யும், மாமியா ஒரு சொல்லு சொன்னாலும் அதுவும் ஒரு தாய்தான், கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகுமாடின்னேன். நெசத்துல எங்க வீட்டுலயே ஒரு தடவ மிதிச்சுக் குஞ்சு செத்திருக்கு, அது வேற விசயம். சொல்லுக்குச் சொல்றதுதான.

அதுக்குள்ள மகனுக்கு ஒரு எடம் வந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரக வீடு பாக்க வாரோம்னு சொல்லி அனுப்பிட்டாக. நல்ல குடும்பம், பொண்ணு நர்சு. நான் வீட்டக் கழுவி, கொல்லையக் கூட்டி, பவுனக் கொண்டு போயிப் பாத்ரூம்ல விட்டுக் கதவச் சாத்திட்டேன். அவுக வந்து உக்காந்து, காப்பிய வாயில வச்சாக. உள்ளருந்து கூவுச்சு பாரு. பாத்ரூம்ல கூவுனா எப்படி இருக்கும்? நாலு சேவல் சேந்து கூவுன மாதிரி இருந்துச்சு. அந்தப் பொண்ணோட அம்மா, என்ன சேவல உள்ள கட்டியிருக்கீகளான்னாக. என் மகன் சட்டுன்னு ஆமான்னுட்டான். அதோட முடிஞ்சிருக்கும். காப்பித் தட்ட எடுக்க எம் மக வந்தா. அந்தம்மா அவள மேலயும் கீழயும் பாத்துட்டு, ஆடி போயி இம்புட்டு நாளாச்சே, மக இன்னும் வீட்டுக்குப் போகலையான்னு கேட்டாக. திரும்பவும் கூவுச்சு இது.

பெறகு சொல்லி அனுப்புறோம்னு எந்திரிச்சுப் போயிட்டாக. அவுக செருப்ப மாட்டித் தெருமுக்குத் தாண்டல, இவரு ஆரம்பிச்சிட்டாரு. வாழாவெட்டி ஒருத்தி, கூவுற கோழி ஒண்ணு, இந்த ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் பயலுக்கு எங்க போயிப் பொண்ணு கேப்பேன்னாரு. விடிஞ்சா இவ அவ வீட்டுக்குப் போகணும், அது கொழம்புக்குப் போகணும்னாரு.

எனக்கு எங்கருந்துதான் தைரியம் வந்துச்சோ. கோழி மேல கைய வச்சா இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்னுட்டேன். முப்பது வருசத்துல அவர எதுத்துப் பேசுனது அன்னைக்குத்தான். பேசிட்டுப் போயிப் படுத்துட்டேன். சோறு பொங்கல. நானும் திங்கல. மறுநாளும் எந்திரிக்கல. மகன் கடையில புரோட்டா வாங்கிட்டு வந்து கெஞ்சுறான், திரும்பிப் படுத்துக்கிட்டேன். இவரு வாசல்ல நின்னு பாத்துட்டுப் பாத்துட்டுப் போறாரு. கடைசியில எறங்கி வந்துட்டாரு. கொல்லல, ஆனா வீட்டுல இருக்கக் கூடாது, எங்கயாச்சும் கொண்டு போயித் தொலைன்னாரு. செயிச்சுட்டேன் தாயி. நான் செயிப்பேன்னு நானே நெனைக்கல.

மக என் தலைமாட்டுலதான் உக்காந்திருந்தா. அவரு போனதும் மெதுவாக் கேட்டா.

“எனக்காகவும் ஒருக்கா இப்படிப் படுத்துக்கம்மா.”

பாத்தியா பேச்ச. நீயும் கோழியும் ஒண்ணாடி, ஒனக்கு வீடு இருக்கு, புருசன் இருக்கான், அதுக்கு யாரு இருக்கான்னு கேட்டேன். சும்மா வெளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பா. எனக்குப் பசி மயக்கம் வேற, எந்திரிச்சுப் போயி எங்க ரெண்டு பேருக்கும் சோறு பொங்கிப் போட்டேன். அவ தட்டுல போட்டத பவுனுக்குத்தான் உருட்டி உருட்டிக் குடுத்தா.

அவ விசயத்துல நான் என்ன பண்ண முடியும், நீயே சொல்லு. அது ஆம்பளைக பேசி முடிச்ச விசயம். கட்டிக் குடுத்த பிள்ள. கோழின்னா நம்ம வீட்டுக் கோழி, நாம வச்சதுதான் சட்டம். மகளுக்கு அப்படியா? கோர்ட்டு கச்சேரின்னு போனா மகன் கல்யாணம் என்னாகுறது? முறுக்குச் சுட்டேன், அதிரசம் சுட்டேன், சம்பந்தியம்மாவுக்கு நல்ல சேலையா ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். இவருதான் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வந்தாரு. நானும் போகத்தான் கெளம்புனேன். ஆனா நான் இல்லாத நேரத்துல எதுத்த வீட்டுக்காரி வந்து இதோட கழுத்தத் திருகிட்டா? அவ செய்வா. அதனால தெருமுக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். மக திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா. நான் பைய நல்லாப் புடிச்சுக்கடின்னு சொல்லி அனுப்பிட்டு வந்தேன்.

பெறகு இதுக்கு எடம் தேடுனேன் பாரு, நாய் படாத பாடு. தங்கச்சி வீட்டுல கேட்டேன், கூவுற கோழியா, எங்க வீட்டு ஆம்பளைக நல்லா இருக்குறது ஒனக்குப் பிடிக்கலையான்னுட்டா. கூடப் பொறந்தவ. மில்லு வாச்மேனு வாங்கிக்கிறேம்மான்னான், சிரிச்ச சிரிப்பு சரியில்ல, சட்டியத்தான் நெனைச்சுச் சிரிச்சான். இவரு வெள்ளிக்கெழமைக்குள்ள போயிறணும்னு சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணு வீட்டுலருந்து இன்னும் பதில் வரல, அந்தக் கோவம். எனக்குத் தூக்கமே இல்ல. அப்பத்தான் முருகன் நெனப்பு வந்துச்சு. மலைக்கோயிலுக்கு உசுரோட சேவல் விடுறாகள்ல, நேந்துக்கிட்டு? அறுக்க மாட்டாக, முருகன் கொடியில உள்ளதாச்சே. கூவுது, கொண்டையும் இப்பப் பெருசாகிட்டு வருது. அப்பச் சேவல்னு குடுத்தா வாங்கிக்கிற மாட்டாகளா? யாரு தூக்கிப் பாக்கப் போறா. முருகன் காலடியில மத்த சேவலுகளோட மேஞ்சுக்கிட்டுக் கெடக்கும். கூவுனாலும் அங்க யாரும் கேக்க மாட்டாக. எம்புட்டு யோசனை பாரு எனக்கு. ஐயரு கேட்டா என்ன சொல்லணும்னுகூட மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்.

என்னது?

ஏலமா?

காணிக்கையா வர்ற சேவலையா ஏலம் விடுவாக? எல்லாத்தையுமா? நீ கண்ணால பாத்தியா? கோயிலுக்குக் கீழயே, மண்டபத்துல வச்சா. யாரு எடுப்பா? யாராவது வளக்குறவக எடுப்பாகளா இருக்கும்... கறிக்கடைக்காரகளா.

மொத்தமாவா.

சரி. சரி, விடு. நீ என்ன பண்ணுவ, தெரிஞ்சதச் சொன்ன. கோயிலும் பாவம், வர்றதையெல்லாம் வச்சுத் தீனி போட முடியுமா. எனக்குத்தான் புத்தி இல்ல. முருகன் பாத்துக்கிருவான்னு வந்துட்டேன். இந்தா பாரு, துண்டுக்கு வெளிய தலைய நீட்டிட்டு ஒன்னையவே பாக்குது. உள்ள போ பவுனு. இல்ல, கெடக்கட்டும், காத்து வாங்கட்டும். கண்டக்டர் பாத்தாப் பாக்கட்டும்.

வீட்டுக்கும் திரும்ப முடியாது. அவரு சட்டியக் கழுவி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. கோயிலுக்கும் போக முடியாது. எனக்கு ஒண்ணுமே ஓடல தாயி. இந்த ஒரு உசுர வச்சுக்க இம்புட்டுப் பெரிய ஊருல ஒரு கொல்லை இல்லயே. ஒன் வீட்டுல... மாடி வீடா. வாடகை வீட்டுல எங்க வைப்ப. கேட்டது தப்புத்தான்.

மறுபடியும் போனு. இவ ஒருத்தி. ஒரு நாளைக்கு எத்தன வாட்டிதான் அடிப்பாளோ. இப்ப இருக்குற இருப்புல நான் அவகிட்ட என்னத்தப் பேச.

எங்க எறங்கச் சொல்ற? ஆவாரங்குளத்துலயா? மக வீட்டுலயா கொண்டு போயி விடச் சொல்ற?

எடம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. கொல்லை எங்களுத விடப் பெருசு. ஆனா ஒனக்கு அந்த வீட்டு ஆளுகளத் தெரியாது. நாம இருக்குற வரைக்கும் சிரிப்பாக, வாசலத் தாண்டுனா வேற மொகம். அந்தப் பொம்பளை கையில என்ன இருக்குன்னு பாத்து அடிக்கிறவ இல்ல. மாப்பிள்ளை பகல்ல தங்கந்தான், பொழுது சாஞ்சு தண்ணியப் போட்டுட்டு வந்தாருன்னா கால்ல தட்டுப்படுறத எல்லாம் எத்துவாரு. சத்தம் போட்டா இன்னும் ரெண்டு எத்து. பட்டினி போடுவாக. கொல்லைக் கதவச் சாத்தி வெளிய நிறுத்திட்டா, மழையே பேஞ்சாலும் தெறக்க மாட்டாக. எல்லாம் மக சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விலக்கு வந்திருச்சு பாரு. யாரோ எறங்குறாக. நாம எறங்கல, நீ காலத் தூக்காத.

நீயே சொல்லு தாயி. பெத்த பிள்ள மாதிரி வளத்திருக்கேன். தெரிஞ்சுக்கிட்டே அந்த வீட்டுல கொண்டு போயி விட்டுட்டு வர, எந்தத் தாய்க்கு மனசு வரும்?